இரு கடல்களும் ஒரு மழையும்

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தின் வழியாக இராமேசுவரம் தீவுக்குச் செல்லும் நம் அங்கத்தினர்களில் பலர், பாலத்தின் நடுவே ஒரு விந்தையைக் கண்டிருப்பர். ஆடி மாதத்தில் அவ்வழியே சென்றால், வலப்புறத்துக் கடல் நுரைத்துக் கொந்தளித்துக்கொண்டிருக்கும். இடப்புறத்துக் கடலோ காற்றில்லாத நாளின் கண்மாயைப் போல் அடங்கிக் கிடக்கும். மார்கழி மாதத்தில் அதே இடத்தில் நின்று பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கும். வலப்புறம் அடங்கியிருக்க, இடப்புறம் சீறிக்கொண்டிருக்கும். ஒரே பாலத்தின் இரு பக்கங்களில் இருவேறு கடல்கள் இருப்பதே இதற்குக் காரணமாகும். வடக்கே இருப்பது பாக்கு விரிகுடா. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. இப்பகுதி மீனவர்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் வழங்குவர்.

கூட்டுறவு ஏட்டில் கடலைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். கிடங்கில் உள்ள நூலின் எடை, தோட்டக் கிணற்றின் சுவை, கொடுத்த கடன் திரும்பி வரும் காலம் ஆகிய மூன்றும் இக்கடல்களின் இயல்பினால் தீர்மானிக்கப்படுவதை நாம் பணிக்களத்தில் கண்டிருக்கிறோம். அதுவும், பிழை செய்த பின்னரே கண்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே, கோடியக்கரையிலிருந்து தூத்துக்குடி வரையுள்ள இக்கடலோரத்தின் இயற்கை அமைப்பையும் தட்பவெப்ப நிலையையும் நாம் அறிந்த அளவில் இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் கடலின் அமைப்பைக் காண்போம். பாக்கு விரிகுடா, 18-ஆம் நூற்றாண்டில் சென்னையின் ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பாரின் பெயரைத் தாங்கியது. இதன் ஒரு கரை தமிழ்நாடு. மறு கரை இலங்கையின் வடபகுதி. வடக்கே பாக்கு நீரிணையின் வழியாக வங்கக் கடலோடு சேர்கிறது. தெற்கே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் நீளத்திற்கு மணல் திட்டுகளும் ஆழமற்ற நீரும் மாறி மாறி அமைந்துள்ளன. இதனையே நாம் சேது என்கிறோம். இவ்விரிகுடா முழுவதுமே ஆழம் குறைந்தது. பெரும்பகுதியில் ஆழம் ஏழு ஆள் உயரத்தைத் தாண்டாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் பெரும்பகுதி பனிப்பாறையாக உறைந்திருந்த காலத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்பொழுது இவ்விரிகுடா கடலே அன்று; இலங்கைக்கு நடந்து செல்லக்கூடிய சமவெளியாகவே இருந்திருக்கும்.

மன்னார் வளைகுடாவோ முற்றிலும் வேறானது. கரையோரத்தில் மட்டும் ஆழமின்றி இருந்து, சற்றுத் தொலைவு சென்றதும் சரேலென இறங்கி ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஆழத்தை அடைகிறது. தெற்கே இந்துமாக்கடலுக்கு இது முற்றும் திறந்து கிடக்கிறது. ஆழமும் திறப்பும் உடையதாதலின் அலைக்கு வலிமை மிகுதி. அவ்வலையைக் கரையில் மோதாமல் தடுப்பதற்கு இயற்கையே ஓர் ஏற்பாடு செய்துள்ளது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்து, அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. பெரிய அலை பாறையில் உடைந்து, தளர்ந்துதான் கரைக்கு வருகிறது.

அந்தப் பாறையைத்தான் நம் முன்னோரும் நாமும் பல ஆண்டுகள் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டோம். தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகள் இதனால் பெருஞ்சேதம் அடைந்தன. இரண்டு தீவுகள் நீருள் மூழ்கிவிட்டன. வான்தீவு தேய்ந்து சிறுத்தது. 1986-ஆம் ஆண்டில் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. வெட்டுவது நின்றாலும் வெப்பத்தின் தொல்லை நிற்கவில்லை. கடல் நீர் வழக்கத்திற்கு மேல் சூடேறிய 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன. பல மடிந்தும் போயின.

பாக்கு விரிகுடாவின் செல்வம் பவளத்தைக் காட்டிலும் கடற்புல்லேயாகும். ஆழம் குறைந்த கலங்கல் அடிமண்ணில் அது மேய்ச்சல் நிலம்போல் படர்ந்திருக்கிறது. அதை மேயும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவைக் காப்பதற்காக, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் கடற்பசுவுக்கென ஏற்பட்ட முதற் காப்பகம் அதுவே.

இனிக் காற்றுக்கு வருவோம். இக்கடலோரத்தின் ஆண்டு இரு காற்றுகளின் ஆண்டு எனலாம். வைகாசி முடிவிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வீசுவது கச்சான். ஐப்பசி நடுவிலிருந்து தை வரை வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. கச்சான் வீசும்போது, திறந்து கிடக்கும் மன்னார் வளைகுடா அதை நேரே எதிர்கொண்டு பொங்குகிறது. பாக்கு விரிகுடா நிலத்தின் மறைவில் அமைதியாக இருக்கிறது. வாடை வீசும்போது பாக்கு விரிகுடாவுக்குச் சோதனை. மன்னார்க் கடலுக்கு ஓய்வு. பாலத்தில் கண்ட விந்தைக்கு விளக்கம் இவ்வளவே. நீரோட்டமும் காற்றோடு திசை மாறுவதால், கரையோர மணல் அரையாண்டு ஒரு பக்கமும் அரையாண்டு மறு பக்கமுமாகப் பெயர்ந்துகொண்டே இருக்கிறது.

கச்சான் மழைக்காற்றாயிற்றே, கேரளத்தில் கொட்டுகின்ற அக்காற்று நமக்கு ஏன் ஒரு துளியும் தருவதில்லை என்று பயிரிடுவோர் வருந்துவது இயல்பு. அரபிக்கடலிலிருந்து வரும் அக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து தன் ஈரத்தை அங்கேயே உதிர்த்துவிடுகிறது. மலையிலிருந்து இறங்கும்போது மீண்டும் சூடேறி உலர்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை போன்ற கணவாய்களின் வழியே விரைந்து வருவதால் வேகமும் கொள்கிறது. காற்றாலைகளுக்கு அது வரம், உப்பளங்களுக்கும் வரம். தூத்துக்குடி உப்பு நாடெங்கும் செல்வது இவ்வுலர்ந்த காற்றினாலும் குறைந்த மழையினாலுமே. செம்மணலை அள்ளி வந்து சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகளைக் குவித்ததும் இவ்வகைக் காற்றே. ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியுடன் வரும் சில மழைகளை விட்டால், பயிருக்கு அதனால் பயன் சொற்பம்.

ஆகவே நம் கடலோரத்திற்கு மழை என்பது வாடை மழையே. தமிழகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. இராமநாதபுரம் போன்ற கடலோர மாவட்டங்களில் அது பாதியையும் கடந்துவிடுகிறது. ஆனால் அம்மழையும் எல்லோருக்கும் ஒருபடித்தாகப் பெய்வதில்லை. நாகப்பட்டினத்தில் ஆண்டுக்குச் சராசரி 1,300 மில்லிமீட்டருக்கு மேல். இராமநாதபுரத்தில் 800-ஐ ஒட்டி. தூத்துக்குடியில் 650 அளவே. ஒரே கரையில் வடக்கிலிருந்து தெற்கே இறங்க இறங்க மழை பாதியாகிவிடுகிறது. வங்கக் கடலில் தோன்றும் தாழ்வு மண்டலங்களில் பெரும்பாலானவை நாகைக்கு வடக்கே கரையேறுவதும், மன்னார்க் கரைக்குக் கிழக்கே இலங்கை ஒரு திரைபோல் நிற்பதும் இதற்குரிய காரணங்களில் முக்கியமானவை. அந்த 650-உம் 800-உம் மூன்று மாதங்களில் பரவலாகப் பெய்வதில்லை. எண்ணிச் சொல்லக்கூடிய சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மழை நாளுக்கும் மழை நாளுக்கும் இடையே பதினைந்து நாள் வெயில் காய்வதும் உண்டு.

இந்நிலத்தில் கண்மாய்கள் இத்தனை இருப்பதற்குக் காரணமும் இதுவே. சில நாட்களில் வருவதைப் பல மாதங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வைகை தன் இறுதி நீரை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் விட்டு, எஞ்சியது இருந்தால் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக்கு விரிகுடாவில் கலக்கிறது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று இராசசிங்கமங்கலத்துக் கண்மாயை மக்கள் சொல்லுவது, அதன் பரப்பைக் கண்டவர்க்கு மிகையாகத் தோன்றாது. மழைக்கு முன்னரே ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல் விதைத்துவிட்டு வானத்தை நோக்கியிருப்பது இங்குள்ள குடியானவரின் பழைய முறை. மழை வந்தபின் உழுது விதைத்தால், பயிர் கதிர் விடும் காலத்தில் மழை போய்விடும் என்பதை அவர்கள் எந்த அலுவலகமும் சொல்லாமலே அறிந்திருந்தனர். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து முண்டு மிளகாயும் இவ்வாறே ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வேர் பிடித்து, மாசியிலிருந்து சித்திரை வரையிலான வெயிலில் பழுத்துக் காய்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அம்மிளகாயின் சிவப்பு இவ்விரு பருவங்களும் சேர்ந்து தந்ததே.

இவ்விடத்தில் நெசவாளர்க்குரிய செய்தியைக் கூற வேண்டும். பருத்தி இழை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவும் வெளிவிடவும் வல்லது. உலர்த்திய பஞ்சு 100 பங்கு எடையிருந்தால், நடுத்தர ஈரமுள்ள காற்றில் அது எட்டரைப் பங்கு ஈரத்தை ஏற்கும் என்பது வாணிபத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. வாடைக் காலத்து ஈரக் காற்றில் இது பத்துக்கு மேல் செல்லும். கச்சான் காலத்து உலர்ந்த காற்றில் ஐந்து, ஆறு வரை இறங்கும். பருத்தி நூல் ஈரத்தில் வலுக்கும் தன்மையுடையது. உலர்ந்தால் அதன் வலு குறையும். ஆடிக் காற்றில் பாவு இழை அடிக்கடி அறுவதற்கும், நெசவாளர் விடியற்காலையிலேயே தறியில் இறங்குவதற்கும் இதுவே காரணம். குழித்தறியில் பாவு நிலத்தை ஒட்டி இருப்பதால் மண்ணின் குளிர்ச்சியும் ஈரமும் நூலுக்குக் கிடைக்கின்றன. குழித்தறியைப் பழைய முறை என்று இகழ்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும். மறுபுறம், கார்த்திகை மழையில் அக்குழியிலேயே தண்ணீர் ஊறித் தறி நின்றுவிடுகிறது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாது. கஞ்சி ஏறிய பாவு உலராமல் பூஞ்சணம் பிடிக்கிறது. ஆண்டுக்கு ஒரு மாதத்திற்குக் குறையாத கூலி இவ்வாறு போவதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு நெசவாளர் சங்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் நாம் இருப்புச் சரிபார்த்தோம். பேரேட்டின்படி இருக்க வேண்டிய நூலில், நூறு கிலோவுக்கு மூன்றரைக் கிலோ வீதம் குறைவு காணப்பட்டது. கிடங்குப் பொறுப்பாளர் வயதானவர்; கைகள் நடுங்க நின்றார்.

“ஐயா, நூல் எங்கேயும் போகலைங்க. கார்த்திகையில வந்த சரக்கு. ஈரத்தோட வந்துச்சு, ஈரம் போயிடுச்சு. அவ்வளவுதாங்க” என்றார்.

ஈரம் போவதற்கு விதிகளில் இடமில்லை என்று நாம் விடை கூறி, குறைவின் பெறுமானத்தை அவர் ஊதியத்தில் வசூலிக்குமாறு குறிப்பும் எழுதிவிட்டோம். அவர் பெரிதும் வேண்டிக்கொண்டதன்பேரில், மறுநாள் கட்டுகளைப் பிரித்துச் சிட்டங்களை எண்ணச் செய்தோம். 40-ஆம் நம்பர் நூல் எனில் ஓர் இராத்தலுக்கு 40 சிட்டம். சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம். இது நீளத்தின் கணக்காதலால் ஈரத்தால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எண்ணி முடிக்க இரண்டு நாட்கள் ஆயின. ஒரு சிட்டமும் குறையவில்லை. குறிப்பை அடித்துவிட்டு வேறு எழுதினோம். ஆயினும், அந்த ஓர் இரவு அம்முதியவர் வீட்டில் எவ்வாறு கழிந்திருக்கும் என்பது இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் வேறு சங்கங்களில் நாம் ‘குறைவு’ என்று எழுதியவற்றுள் எத்தனை உண்மையில் காற்றின் வேலையோ, நாம் அறியோம்.

பயிரிடுவோர்க்கு இதனினும் பெரிய செய்தி, நிலத்தடி நீரைப் பற்றியது. கடலோர மணலில் பெய்யும் மழைநீர் கீழே இறங்கி, அங்கு ஏற்கெனவே இருக்கும் உப்பு நீரின்மேல் மிதக்கிறது. எண்ணெய் தண்ணீரின்மேல் மிதப்பதுபோல என்று கொள்ளலாம். ஆனால் எண்ணெயைப் போலத் தெளிவான எல்லை இராது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே, கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கனத்தைத் தாங்கும் வண்ணம் கடல் மட்டத்திற்குக் கீழே 40 அடி நன்னீர் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு நாட்டுக் கைபன் என்பவரும், அவரை அடுத்து ஜெர்மனி நாட்டு ஹெர்ட்ஸ்பெர்க் என்பவரும் தத்தம் நாட்டுக் கடற்கரைகளில் இவ்வுண்மையைக் கண்டு கூறினர். கேட்பதற்கு மகிழ்ச்சி தரும் கணக்கு. ஆனால் அதைத் திருப்பிப் படிக்க வேண்டும். இயந்திரம் வைத்து இறைத்து மேலுள்ள நன்னீரை ஓர் அடி குறைத்தால், கீழிருந்து உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி மேலே ஏறும்.

நம் கடலோரப் பெண்கள் இக்கணக்கைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் மணலில் இடுப்பளவு ஊற்றுத் தோண்டி, ஊறுகின்ற நீரைச் சிரட்டையால் மெல்ல மெல்ல வழித்தெடுத்துக் குடத்தை நிரப்புவர். ஒரு குடத்திற்கு அரை மணி நேரமும் ஆகும். மேலாக மிதக்கும் நன்னீரை மட்டும் கலக்காமல் எடுக்கும் முறை அது. நகரத்திலிருந்து வந்த நாம் அதை வறுமையின் அடையாளமாக மட்டுமே முதலில் கண்டோம்.

பாக்கு விரிகுடாவை ஒட்டிய ஒரு சிற்றூரில் ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் மோட்டாருக்கும் கடன் கேட்டு ஒன்பது அங்கத்தினர் விண்ணப்பித்தனர். விண்ணப்பப் படிவம் நிலத்தின் சர்வே எண்ணைக் கேட்டது. கிணற்றின் ஆழத்தைக் கேட்டது. ஜாமீன்தாரர் பெயரைக் கேட்டது. கடல் எவ்வளவு தொலைவு என்றோ, கோடையில் நீர்மட்டம் எங்கு நிற்கும் என்றோ அது கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. பரிந்துரையில் நம் கையெழுத்தும் உண்டு. முதலாண்டு மிளகாய் நன்றாக விளைந்தது, ஊரே பாராட்டிற்று. மூன்றாம் ஆண்டு மீண்டும் சென்றபோது, செடிகளின் இலை ஓரங்கள் தீயில் காட்டியவைபோல் கருகியிருந்தன.

“முதல் வருஷம் இளநீர் மாதிரி இருந்துச்சுங்க ஐயா. இப்ப மாடுகூட வாய் வைக்க மாட்டேங்குது” என்றார் ஒருவர்.

ஒன்பது கிணறுகளும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்பது இயந்திரங்களும் ஒருங்கே இறைத்தன. உப்பு ஏறியதில் வியப்பில்லை. தவணை தவறியோர் பட்டியலில் அவர்களுடைய பெயர்கள் ஏறின. அப்பட்டியலில் நம் பெயருக்கும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். இவ்விடங்களில் இருபது அடிக்கு மேற்படாத அகலக் கிணறு, சிறிய மோட்டார், சிறிது நேர இறைப்பு, உப்பைப் பொறுக்கும் பருத்தி அல்லது தென்னை ஆகியவற்றுக்கே கடன் பொருந்தும் என்பது இப்பொழுது நம் எண்ணம். மிளகாய் உப்பை அவ்வளவாகப் பொறுக்காது, நெல்லும் அப்படியே. மழைக்காலத்தில் நீர் மண்ணில் இறங்குவதற்குக் கண்மாயையும் வரத்துக்காலையும் சீர்செய்ய ஊராரைச் சேர்ப்பது, ஒன்பது மோட்டார்களை வாங்கித் தருவதைவிடச் சங்கத்திற்கு ஏற்ற பணி.

புயல்களைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். ஆழம் குறைந்த, ஏறக்குறைய மூடிய பாக்கு விரிகுடாவுக்கு ஒரு பண்பு உண்டு. தொலைவிலிருந்து வரும் பேரலையிலிருந்து அது காக்கப்படுகிறது. 26-12-2004 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனபோது, இலங்கையின் மறைவில் இருந்த பாக்கு விரிகுடாவின் உட்கரைகள் பெருஞ்சேதமின்றித் தப்பின. ஆனால் புயலே விரிகுடாவின்மேல் வந்துவிட்டால் கதை வேறு. ஆழமான கடலில் காற்று தள்ளும் நீர் அடிவழியாகத் திரும்பிச் செல்ல இடமுண்டு. ஆழமற்ற நீரில் அதற்கு இடமின்றி, நீர் கரையில் குவிந்து உயரும். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இலங்கையின் வவுனியாவைக் கடந்து வந்த புயல், அன்றிரவு தனுஷ்கோடியை அடைந்தபோது, இருபது அடிக்கு மேல் கடல் உயர்ந்து ஊரை மூடியது. பாம்பனிலிருந்து சென்ற பயணி இரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுடன் அழிந்தது. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 பெயர்ந்தன. அதனை 46 நாட்களில் மீண்டும் அமைத்தனர். தனுஷ்கோடி ஊர் மீண்டும் அமையவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல் நம் பயிரிடுவோரை நேரே தாக்கியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இலட்சக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த ஆண்டு நெல் உண்டு. தென்னை போனால் புதுக் கன்று காய்ப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு மேலாகும். அத்தகையோர்க்கு ஓராண்டுத் தவணையில் கடன் வழங்கிவிட்டு, ஆண்டு முடிவில் நினைவூட்டு அறிவிப்பு அனுப்புவதை எவ்வாறு நியாயம் என்பது? 2020 டிசம்பரில் புரெவிப் புயல் பாம்பனருகே வந்து வலுவிழந்து, நகராமல் நின்று நாள்கணக்கில் மழை பொழிந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் புயல் ஏதுமின்றியே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடிப் பகுதி ஓராண்டு முழுவதும் பெறும் சராசரியைக் காட்டிலும் இது மிகுதி. சராசரி என்னும் சொல்லை வைத்துக்கொண்டு இக்கரையில் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றி அங்கத்தினர் அடிக்கடி கேட்பதுண்டு. 1, 2 எண்கள் தொலைக்கடலில் தோன்றிய நிலையைக் குறிப்பன; 3, 4 எண்கள் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும் என்பதைக் குறிப்பன; 5 முதல் 7 வரை அபாயம்; 8 முதல் 10 வரை பேரபாயம்; 11 எனில் வானிலை நிலையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள். பாம்பனில் 3-ஆம் எண் ஏறியவுடன் பாவைத் தெருவிலிருந்து எடுத்துவிடுவதும், நூல் கட்டுகளைத் தரையிலிருந்து பலகைமேல் ஏற்றுவதும், காய்கின்ற நெல்லையும் வற்றலையும் கூரைக்குள் சேர்ப்பதும் செலவில்லாத காரியங்கள்.

சங்க நிர்வாகக் குழுக்களுக்கு நாம் கூற விரும்புவது சில உண்டு. மழைக்காலத்திற்கு வேண்டிய நூலைப் புரட்டாசிக்குள் வாங்கிவிட வேண்டும். அப்பொழுது நூல் உலர்ந்திருக்கும்; எடைக்குக் கொடுக்கும் பணத்தில் ஈரத்திற்கு விலை கொடுக்க நேராது. புழுதி விதைப்பவருக்கு ஆவணி முதல் வாரத்திலேயே பயிர்க்கடன் கைக்கு வர வேண்டும். மழை பெய்தபின் அனுமதிக்கும் கடன், விதைநெல்லை வட்டிக்கு வாங்கிவிட்டவனிடம் போய்ச் சேருகிறது. மிளகாய்க் கடனின் தவணை சித்திரைக்குப் பின் இருத்தல் நலம். மார்ச்சு மாதக் கணக்கு முடிவுக்காக அவசரப்படுத்தினால், அவர் பழத்தைப் பாதி காயுமுன் தரகரிடம் கொடுத்துவிட்டுத்தான் நம்மிடம் வருவார்.

மேலே கூறிய நெசவாளர் சங்கத்தின் கிடங்கில், ஈரத்துணி சுற்றிய குமிழும் சுற்றாத குமிழும் உடைய இரட்டை வெப்பமானி ஒன்று இப்பொழுது தொங்குகிறது. இரண்டின் வேறுபாடு மிகுந்தால் காற்று உலர்ந்தது, குறைந்தால் ஈரமானது. பொறுப்பாளர் நாள்தோறும் காலையில் அதனைப் பார்த்து எழுதி வைக்கிறார். இருப்புப் பேரேட்டில் எடைக்குப் பக்கத்தில் சிட்டங்களின் எண்ணிக்கைக்கென ஒரு பத்தியும், எடை போட்ட நாளின் காற்றுக்கென மற்றொரு பத்தியும் கோடிட்டிருக்கிறோம். சென்ற ஆடியில் நாம் சென்றபோது, அப்பத்தியில் முதியவரின் கையெழுத்தில் ‘கச்சான், உலர்வு’ என்று எழுதியிருந்தது.